அம்மா சொல்லச் சொல்ல அடித்த மடல்கள்

ஜனவரி 6
என் பழைய மின்னஞ்சல் சேவையை மார்ச் 31-ஓடு மூடுகிறார்களாம். அறிவிப்பு ஸ்பேமில் கிடந்தது, தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. 2001 முதல் 2006 வரை சிங்கப்பூரில் இருந்த அக்காவுக்கும் எங்களுக்கும் நடந்த மடல்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. 2020-இல் யாஹூ குழுமங்கள் மூடப்பட்டபோது, நான் இருந்த மடற்குழுவின் மடல்களை எடுத்துவைக்காமல் விட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஜனவரி 7
கணினியில் மடல்களை இறக்கிவைக்கும் தண்டர்பேர்ட் என்ற மென்பொருளில், பாப்3 என்ற இணைப்பு முறை வழியாக இணைத்தேன். 1,140 மடல்கள் இறங்கின. படுக்கப் போகும் முன் பார்த்தால், அனுப்பிய மடல்கள் ஒன்றுகூட இல்லை. பாப்3 இன்பாக்ஸை மட்டும்தான் எடுத்துவரும். அக்கா எழுதியது வந்துவிட்டது. பிரவுசிங் சென்டரில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தது? அதெல்லாம் ‘சென்ட்’ ஃபோல்டரில். தூக்கமே வரவில்லை.

ஜனவரி 9
ஐமேப் என்ற இன்னொரு இணைப்பு முறை எல்லா ஃபோல்டரையும் காட்டுகிறது. ஆனால் அது கண்ணாடி மாதிரி, அங்கே சர்வரில் அழித்தால் இங்கே கணினியிலும் போய்விடும். அதனால் ஒவ்வொரு ஃபோல்டரையும், கணினியிலேயே தங்கும் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதிக்கு நகலெடுத்தேன். வைஃபையை அணைத்துவிட்டு நாலைந்து மடல்களைத் திறந்து பார்த்தேன். திறந்தன. இணைப்புப் படங்களும் இருக்கின்றன.

ஜனவரி 12
திறந்தால் போதுமா, படிக்க வேண்டாமா? இப்போது எல்லாரும் பயன்படுத்தும் யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன் நாங்கள் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையில்தான் எழுதினோம். இப்போது திரையில் ‘ட’ இருந்த இடத்தில் ¼, ‘ண’வுக்கு ½, ‘த’வுக்கு ¾. அம்மாவின் பேச்சு முழுக்கக் கால், அரை, முக்கால்! பழைய குறிமுறையை யூனிகோடாக மாற்றும் என்எச்எம் கன்வெர்ட்டரில் ஒரு மடலை ஒட்டினேன். பொத்தானை அழுத்தியதும் வந்தது:

“வெள்ளைச்சி கன்னு போட்டிருக்கு. கிடாரி. சீம்பால் காய்ச்சினோம். உன் பங்கை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன்.”

அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 18
மாற்றிய மடல்களைத் தனிக்கோப்பாகச் சேமித்தேன். மூலக் கோப்புகளைத் தொடவில்லை, மாற்றும்போது ஓர் எழுத்து தவறினாலும் ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும். ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்கில், இன்னொன்று அக்காவுக்கு ஒரு பென் டிரைவில்.

ராத்திரி போனில் அக்காவுக்கு அந்தச் சீம்பால் மடலைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “வெள்ளைச்சின்னு நாந்தான்டா பேர் வச்சேன். அடுத்ததைப் படி” என்றாள்.

பதினோரு மடல்கள் படித்தோம். மீதி நாளைக்கு.