இறைப்பு மிசின்காரருக்கு ஆமையும் முயலும்

டொராண்டோவில் ஸ்நோவை வாரி எறியும் பழைய ஸ்நோ புளோவரின் எஞ்சின் செத்தால் எங்கட ஆக்கள் முதலில் கேட்பது, "திருத்தேலாதோ அண்ணை?" என்றுதான். அதில் இருப்பது டெக்கம்சே என்றால், அந்தக் கம்பனி 2008-லேயே எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டது. ஆகவே முக்கால் அங்குலத் தண்டு பொருந்துமா என்று அளந்து, 212 சிசி பொது எஞ்சின் ஒன்றை வாங்கிப் பூட்டுகிறார்கள். பெட்டியைத் திறந்ததும் ஒரு குத்து: ஊரில் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கும் மிசினோடு வளர்ந்தவனுக்கு ஆமைப் படமும் முயல் படமும் போட்டு வேகம் படிப்பிக்கிறார்கள்!

பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டர் பக்கம் நின்று பாருங்கள். கீழே இருப்பது பெற்றோல் திறப்பு. பெரும்பாலும் வலப்பக்கம் தள்ளினால் திறக்கும். அதற்கு மேலே காற்றைக் குறைக்கும் சோக். இடப்பக்கம் தள்ளினால் மூடும். சில எஞ்சின்களில் மாறி இருக்கும், ஒட்டியுள்ள அம்புக்குறியை நம்புங்கள். ஆமையும் முயலும் போட்ட பிடி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில். சிவப்புச் சுவிட்ச் தனி. பழையதில் இருந்த பிளாஸ்ரிக் சாவியையும் அமத்துகிற ரப்பர் குமிழையும் இதில் தேட வேண்டாம்.

குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோலைத் திறந்து, சோக்கை முழுக்க மூடி, திராட்டிலை ஆமையிலிருந்து மூன்றிலொரு பங்கு தள்ளி, சுவிட்சைப் போடுங்கள். கயிறு இறுகும் வரை மெல்ல இழுத்து, பிறகு ஒரே வீச்சு. பிடித்ததும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். மறந்தால் கரும்புகை கக்கும், ஸ்நோவுக்குள் விட்டதும் இழுவையில்லாமல் நின்றுவிடும். பெற்றோல் மணந்து பிளக் நனைந்துபோனால் சோக்கைத் திறந்து, திராட்டிலை முயலில் வைத்து, ஐந்தாறு தரம் இழுத்தால் காயும்.

ஊரில் சோக் பிடியை யார் தேடினது? காபரேட்டர் வாயை உள்ளங்கையால் பொத்தினால் சரி. சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். புளிச் சக்கரத்தில் கயிறு சுத்தி இழுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. தொண்ணூறுகளில் வடக்குக்கு எரிபொருள் வரவிடாத தடைக்காலத்தில் அந்தச் சின்னத் தாங்கியும் காய்ந்து கிடந்தது. ஊசிக்குழாயால் விட்ட சில துளிப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணித்தான் வெங்காயத்துக்கு இறைத்தோம். அந்தப் பழக்கத்தில் இந்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் காட்டிவிடாதீர்கள். பெற்றோலில் கலந்திருக்கும் எதனோலும் 10 வீதத்துக்கு மேல் கூடாது.

இதெல்லாம் சின்னப் பிரச்சினை. ஆளைச் சாகடிப்பது ஒயில். புது எஞ்சின் ஒயில் இல்லாமலேதான் வரும். கிட்டத்தட்ட 0.6 லீற்றர், பனிக்காலத்துக்கு 5டபிள்யூ-30. மட்டமான தரையில் வைத்து, ஊற்றும் வாயின் கீழ் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். அளவுக் கம்பியைத் திருகாமல் செருகிப் பாருங்கள். ஒயில் குறைந்தால் உள்ளேயுள்ள சென்சர் தீப்பொறியை வெட்டிவிடும். பெரும்பாலானவற்றில் விளக்கும் எரியாது, சத்தமும் வராது. மனிதர் தோள் கழன்றுபோக இழுப்பார், பிளக்கை மாற்றுவார், காபரேட்டரைக் கழற்றுவார், வித்த கடையைத் திட்டுவார். சரிவான டிரைவ்வேயில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் இதே கதைதான். விளிம்பு வரை நிரப்பியும் பொறி இல்லையா? எஞ்சினின் அடிப்பெட்டியிலிருந்து வரும் சென்சர் வயரை, பெரும்பாலும் மஞ்சள், கழற்றிச் சோதியுங்கள். பொறி வந்தால் பழுது சென்சரில். புதுசு போடுங்கள், கழற்றியபடி ஓட்டாதீர்கள். எங்கட மிசின் ஒயில் வற்றினால் கத்தும், மணக்கும், அடுத்த தோட்டத்துக்காரரே ஓடிவந்து நிப்பாட்டுவார். இது வாயே திறக்காது. எஞ்சினுக்கு நல்லது, இழுக்கிறவருக்குத்தான் வயிற்றெரிச்சல்.

"ஸ்நோ எல்லாம் பழகிப்போச்சு" என்பவர்கள்தான் எஞ்சின் பிடித்ததும் காதைச் சாய்த்து, "எங்கட மிசின்ர சத்தம் இல்லை" என்று திராட்டில் தட்டிலுள்ள ஸ்க்ரூவைத் திருகப் போவார்கள். அதைத் தொடாதீர்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் நிமிடத்துக்கு 3600 சுற்றில் கட்டிவைத்திருக்கிறது. மீறினால் கனெக்டிங் ராட் முறியும். திராட்டிலைத் தூரத்திலிருந்து இயக்கக் கேபிள் பூட்டுவதென்றால், திராட்டில் பிடியை இறுக்கும் நட்டைத் தளர்த்தினால் போதும்.

பொது எஞ்சினில் காற்று வடிகட்டி உண்டு. பொடி ஸ்நோ அதில் படிந்து உறைந்தால் மூச்சு முட்டும். ஸ்நோவுக்கென்றே செய்த எஞ்சின்களில் அதனால்தான் வடிகட்டியே வைப்பதில்லை. குளிர் என்று கராஜுக்குள் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், கதவு திறந்திருந்தாலும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

மாரி மழைக்குக் கொட்டிலில் ஒதுங்கிய மிசின் தை பிறக்க ஒரே இழுப்பில் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே, இதையும் அப்படியே சித்திரையில் மூலையில் தள்ளுகிறார்கள். பெற்றோல் திறப்பை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் கோடை முழுக்கக் காபரேட்டர் கிண்ணத்தில் கிடக்கும் பெற்றோல் பிசினாகி, பெற்றோல் வரும் சின்னத் துவாரமான ஜெட்டை அடைக்கும். கார்த்திகையில் எந்தப் பிடியைத் தள்ளினாலும் பிடிக்காது.