ரீட்லைன் தெரியுமா?

டெர்மினலில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை வருகிறதே, நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல்லில் அந்த வேலையைச் செய்வது ரீட்லைன் என்ற லைப்ரரி, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. நிரலில் பிழை தேட உதவும் ஜிடிபி டீபக்கரிலும் அதேதான். ஒரு இடத்தில் பழகிய விரல் இன்னொரு இடத்திலும் தடுமாறாமல் இருப்பது இதனால்தான்.

குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக 1980களின் இறுதியில் இதை பிரையன் ஃபாக்ஸ் எழுதினார். பல ஆண்டுகளாகப் பராமரிப்பவர் செட் ரேமி. பாஷையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். இவ்வளவு பேர் நம்பியிருக்கும் ஒன்றை இத்தனை காலம் விடாமல் காப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கண்ட்ரோல்-ஆர் அழுத்தி இரண்டு எழுத்து அடித்தால் என்றோ ஓட்டிய கட்டளையைத் தேடித் தரும், இது பலருக்கும் தெரியும். ஆல்ட்-புள்ளி தெரியுமா? முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லை அப்படியே கொண்டுவந்து போடும். நீளமான ஃபோல்டர் பெயரை மறுபடி அடிக்கவே வேண்டாம். கண்ட்ரோல்-டபிள்யூ அழித்த சொல்லை கண்ட்ரோல்-ஒய் திரும்பத் தரும், அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

இதன் உரிமம் ஜிபிஎல்: இதைச் சேர்த்து வெளியிடும் மென்பொருளும் அதே உரிமத்தின்படி வெளியாக வேண்டும் என்று கண்டிப்பு காட்டும் உரிமம். ரீட்லைனைப் பயன்படுத்தியதால்தான் கிளிஸ்ப் என்ற, லிஸ்ப் நிரல்மொழிக்கான மென்பொருளே 1992இல் ஜிபிஎல்லுக்கு மாறியது. அந்தக் கண்டிப்பு வேண்டாம் என்பவர்களுக்கு பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் உலகிலிருந்து வந்த லிப்எடிட் என்ற மாற்று லைப்ரரி இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தக் கண்டிப்பு நியாயமானதுதான்.

அப்புறம், ஹோம் ஃபோல்டரில் இன்புட்ஆர்சி (.inputrc) என்ற ரீட்லைன் அமைப்புக் கோப்பு ஒன்று வைத்து, மேல் அம்புக்குறியை ஹிஸ்டரி-சர்ச்-பேக்வர்டு (history-search-backward) கட்டளையோடு இணைத்துப் பாருங்கள். 'கிட்' என்று அடித்து அம்பை அழுத்தினால் கிட் கட்டளைகள் மட்டும் வரும்.