ஆன்லைன் குரூப் ஸ்டடி எங்களுக்கு எப்ப வேலை செஞ்சுது

தபால் வழியில டிகிரி படிச்சப்ப ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்ல ஒரு தடவ ஃபெயில் ஆனேன், அடுத்த தடவ நல்ல மார்க்லயே பாஸ் ஆயிட்டேன். ரெண்டு தடவையும் அதே புக், அதே அஞ்சு பேர் குரூப், அதே ஃபோன். மாறினது நாங்க சேந்து படிச்ச விதம் மட்டும்தான், அத இங்க எழுதி வைக்கிறேன், ஆன்லைன்ல குரூப் ஆரம்பிக்கலாம்னு இருக்கறவங்களுக்கு உதவும்.

முதல் தடவ என்ன பண்ணோம்னா ஒரு சாட் குரூப் ஆரம்பிச்சோம், அதுல பிடிஎஃப் கொட்டோ கொட்டுனு கொட்டுச்சு, நோட்ஸ், வீடியோ லிங்க், பழைய கொஸ்டின் பேப்பர், எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு ஒரு தேங்க்ஸ் போட்டா அன்னிக்கு படிச்ச மாதிரியே ஒரு திருப்தி. யாராவது டவுட் கேட்டா நல்லா படிக்கற ஒருத்தரே பதில் போடுவாரு, மீதி நாலு பேரும் கட்டைவிரல் போட்டுட்டு போயிருவோம். எனக்கு புரிஞ்சிருச்சுன்னு நான் மனசார நம்பினேன். பரீட்சை ஹால்ல உக்காந்தப்பதான் தெரிஞ்சுது, அவருக்கு புரிஞ்சத நான் வாசிச்சிருக்கேன், அவ்வளவுதான்.

ரெண்டாவது தடவ பாடத்த பங்கு போட்டோம். இதுக்கு ஜிக்சா முறைன்னு பேரு, எலியட் ஆரன்சன்ங்கற சைக்காலஜிஸ்ட் 1971ல டெக்சாஸ் ஆஸ்டின் ஸ்கூல்கள்ல கொண்டு வந்தது, ஆளுக்கு ஒரு பகுதிய நல்லா படிச்சு மத்தவங்களுக்கு சொல்லித் தரணும். கேக்க நல்லா இருக்கு, ஆனா மூணு வாரத்துல எங்களுக்கு என்ன ஆச்சுன்னா அவங்கவங்க பகுதி மட்டும் தெரியுது, மத்தவங்க பேசறப்ப மைக்க ம்யூட் பண்ணிட்டு வேற வேலை பாக்கறோம். அதனால ஒரு மாத்தம் பண்ணோம். பகுதி யாரோடதோ அவங்க லெக்சர் எடுக்கக் கூடாது, மூணு கேள்வி மட்டும் போடணும், அதுவும் ஃபார்முலால நம்பர் போட்டா வர்ற கேள்வி இல்ல, தப்பா புரிஞ்சவங்க கண்டிப்பா மாட்டற மாதிரி கேள்வி.

எரிக் மசூர்னு ஹார்வர்ட்ல ஃபிசிக்ஸ் ப்ரொஃபசர், 1991ல கிளாஸ்ல இப்படித்தான் பண்ண ஆரம்பிச்சாரு. கேள்வி போடுவாரு, எல்லாரும் தனியா யோசிச்சு ஓட்டு போடணும், அப்புறம் பக்கத்துல இருக்கறவங்களோட வாதாடணும், மறுபடி ஓட்டு. நாங்க இத அப்படியே ஃபோனுக்கு கொண்டு வந்தோம், கொண்டு வர்றப்ப ஒரு சின்ன விஷயத்துல தடுமாறினோம், அத கொஞ்சம் விலாவாரியா சொல்லணும். எங்க சாட் ஆப்ல இருந்த ஓட்டுப் போடற வசதியில யார் எதுக்கு ஓட்டு போட்டாங்கன்னு அப்பவே தெரிஞ்சுது, நல்லா படிக்கறவரு முதல்ல போட்டுட்டா மத்தவங்க எல்லாரும் அதுலயே போய் விழுவோம். அதனால கூகுள் ஃபார்முக்கு மாறினோம், அதுல ஃபார்ம் போட்டவருக்கு மட்டும்தான் பதில் தெரியும், அஞ்சு பேரும் போட்டு முடிச்ச பிறகு அவர் ஓப்பன் பண்ணுவாரு. அந்த ஒரு மாத்தத்துலதான் குரூப்பே வேற மாதிரி ஆச்சு. எந்த ஆப் எடுத்தாலும் முதல்ல இத பாருங்க, அடுத்தவங்க பதில் தெரியறதுக்கு முன்னாடி நம்ம பதில சொல்ல அது இடம் குடுக்குதா?

ஒரு உதாரணம். பி வேல்யூ 0.03 வந்தா நல் ஹைபாத்தசிஸ் (வித்தியாசமே இல்லன்னு ஆரம்பத்துல வச்சுக்கற அனுமானம்) உண்மையா இருக்க 3 சதவீதம்தான் வாய்ப்பு, சரியா தப்பா? நாலு பேர் சரின்னு போட்டோம், நல்லா படிக்கறவரும் சேத்துதான். தப்புன்னு போட்டது எப்பவும் வாயே திறக்காத ஒரு பொண்ணு. ஏன்னு கேட்டோம், மழை பெஞ்சா தெரு நனையும், தெரு நனைஞ்சிருக்குன்னு மழைதான் பெஞ்சுதுன்னு சொல்லிர முடியுமான்னு திருப்பி கேட்டாங்க. நல் ஹைபாத்தசிஸ் உண்மைன்னு வச்சுக்கிட்டா இந்த அளவோ இத விட அதிகமாவோ விலகின டேட்டா வர எவ்வளவு வாய்ப்பு, அதத்தான் பி வேல்யூ சொல்லுது, உண்மைன்னு வச்சுக்கிட்டு போட்ட கணக்க வச்சே அது உண்மையா இல்லையான்னு எப்படி சொல்ல முடியும்னு அவங்க கேட்டப்ப எங்களுக்கு பேச்சே வரல. இருபது நிமிஷம் சண்ட போட்டோம், இன்னிக்கு வரைக்கும் எனக்கு அது மறக்கல. பழைய முறையில அந்த பொண்ணு பதிலே போட்டிருக்க மாட்டாங்க, நாலு பேரும் தப்பாவே போய் பரீட்சை எழுதியிருப்போம், நினைச்சா இப்பவும் சங்கடமா இருக்கு.

பேசி முடிச்சதும் ஷேர்டு டாக்குமென்ட்ல ஆளாளுக்கு அவங்க சொந்த வார்த்தையில நாலு வரி எழுதணும், பேரு போட்டு. தப்பா எழுதியிருந்தா டெலிட் பண்ணக் கூடாது, குறுக்க கோடு போட்டு கீழ திருத்தி எழுதணும், மத்தவங்க கமெண்ட்ல கேள்விதான் கேக்கணும், பதில எழுதிக் குடுக்கக் கூடாது. கடைசி வாரம் புக்க விட அந்த கோடு போட்ட வரிகளத்தான் அதிகமா படிச்சேன்.

நேரம் பத்தியும் சொல்லணும். ஒருத்தருக்கு நைட் ஷிஃப்ட், இன்னொருத்தருக்கு நெட் சரியா எடுக்காது. எல்லாரும் வீடியோ காலுக்கு வந்தே ஆகணும்னு வச்சிருந்தா அந்த ரெண்டு பேரையும் இழந்திருப்போம். அதனால ஓட்டுக்கு ரெண்டு நாள் டைம், வாதம் ரெண்டு நிமிஷ வாய்ஸ் மெசேஜ்ல, கால் ஞாயித்துக்கிழமை மட்டும், அதுவும் முடிஞ்சா. படிக்கறவங்களுக்கு ஏத்த மாதிரி கல்வின்னு பெருசா பேசறாங்களே, எங்க அளவுல அது இதுதான்.

ஃப்ளாஷ் கார்டுக்கு, அதாவது ஒரு பக்கம் கேள்வி மறுபக்கம் பதில் இருக்கற கார்டுக்கு, அங்கி (Anki)ன்னு ஒரு ஆப் வச்சிருந்தோம். மத்தவங்க போட்ட ரெடிமேட் கார்டு கட்ட இறக்கி பாத்தேன், எனக்கு ஒட்டவே இல்ல, நானே தப்பு பண்ணத வச்சு நானே போட்ட கார்டுதான் நின்னுச்சு. ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் 2006ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, திரும்பத் திரும்ப படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல முந்தினாங்க, ஒரு வாரம் கழிச்சு வச்சதுல பாக்காம ஞாபகப்படுத்தி எழுதிப் பாத்தவங்கதான் முந்தினாங்க. படிச்சது மண்டையில நிக்கலன்னு புலம்பறவங்க முதல்ல புக்க மூடி வச்சிட்டு எழுதிப் பாருங்க.

ஏஐ சாட்பாட்ட எங்க வாதம் முடிஞ்ச பிறகு மட்டும்தான் தொடுவோம், அதுவும் இதே மாதிரி இன்னும் ரெண்டு கேள்வி குடுன்னு கேக்கறதுக்கு. ஒரு தடவ கணக்க தப்பா போட்டுட்டு ரொம்ப தைரியமா சொல்லுச்சு, நாங்க ஏற்கனவே போட்டு பாத்திருந்ததால மாட்டுச்சு, முதல்லயே அதுகிட்ட போயிருந்தா அப்படியே காப்பி பண்ணியிருப்போம்.

ஆள் எண்ணிக்கை நாலு இல்ல அஞ்சு போதும். கயிறு இழுக்கறப்ப ஆள் கூடக் கூட ஒவ்வொருத்தர் போடற பலமும் குறையுதுன்னு ரிங்கல்மன்னு ஒரு ஃப்ரெஞ்சு இன்ஜினியர் அளந்து 1913லயே எழுதி வச்சிருக்காரு, முப்பது பேர் குரூப்ல இருந்தவங்களுக்கு அத தனியா சொல்லவே வேணாம்.

ஆரம்பிக்கறவங்க ஒரே ஒரு சாப்டர் எடுத்துக்கங்க. கேள்வி போட வரலன்னா பழைய கொஸ்டின் பேப்பர்ல இருந்து மூணு எடுங்க, ஆன்சர் கீய மட்டும் கடைசி ஆள் ஓட்டு போடற வரைக்கும் குரூப்ல போட்றாதீங்க.