கற்பனை உலகின் அடிமைமுறை: சாட்டைக்கு முன்னால் சட்டம்

மாயாஜாலக் கதைகளில் பலர் சங்கிலியையும் சாட்டையையும் காட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஒருவர் அடிமையாவது போரிலா, கடனிலா, பிறப்பிலா? பிள்ளை யாருக்குச் சொந்தம்? இதை முதலில் முடிவு செய்யுங்கள். பண்டைய ரோமில் அடிமையை விடுவிக்க அவர் மதிப்பில் 5 சதவீதம் வரி இருந்தது. அப்படி ஒன்றை வைத்தால் பதிவேடு, அதிகாரி, லஞ்சம் எல்லாம் தானாகக் கதைக்குள் வந்துவிடும்.

பெரும்பாலும் சறுக்குவது மனப்போக்கில்தான். கெட்டவர்கள் மட்டுமே அடிமை வைத்திருந்தால் அந்த அமைப்பு ஒரு தலைமுறைகூட நிற்காது. பேரனைக் கொஞ்சும் அன்பான பாட்டி, தண்ணீர் கொண்டுவந்த பெண்ணை நிமிர்ந்தும் பாராமல் சொம்பை வாங்கட்டும். அது சாட்டையைவிட வலிக்கும்.

பிரிட்டனின் 1833 ஒழிப்புச் சட்டம் 2 கோடி பவுண்டு இழப்பீட்டை உடைமையாளர்களுக்கே ஒதுக்கியது. விடுதலையானவர்களுக்கு ஒன்றுமில்லை. உங்கள் உலகில் விடுதலை வந்தால், அன்றிரவு அவர்கள் எங்கே படுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.