வில்லியனூர் மாதா குளத்துப் படியில்

பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, அடுத்த சனிக்கிழமை வில்லியனூர் லூர்து மாதா கோயிலில் கொடி ஏறும். அந்தத் திருவிழா நாட்களில் ஒரு மாலை, பெரியம்மாவோடு கடலூர் ஓ.டி.யிலிருந்து (பழைய டவுன்) கிளம்பினேன். கூடவே பெரியம்மாவின் பக்கத்து வீட்டு ஆயா. ஆயா கிறிஸ்தவர் இல்லை. ஆனாலும் மாதாவுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி: மெழுகுவர்த்தி ஏற்றி, குளத்தில் கால் நனைக்க வேண்டும்.

பாண்டி பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் பிடித்தோம். ரெட்டியார்பாளையம், மூலக்குளம், அரும்பார்த்தபுரம் என்று பஸ் நின்று நின்று போனது. வெக்கை தாங்கவில்லை. பெரியம்மாவின் பை மட்டும் வழக்கத்தைவிட கனமாக இருந்தது.

பூசை தொடங்கிவிட்டது. உள்ளே இடமில்லை, குளத்துப் படியிலேயே உட்கார்ந்தோம். பிரான்சில் லூர்து ஊற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் கலந்த குளம் என்று சொல்வார்கள். வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆயா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கப் போனார். பெரியம்மா கையைப் பிடித்து இழுத்தார்.

"புண்ணோட தண்ணியில இறங்கக் கூடாது. உக்காரு ஆயா."

"மாதா தண்ணிடி. அது என்ன பண்ணப் போவுது?"

"மாதா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. குளத்துல நூறு பேரு கால் வச்சிருக்கான்."

ஆயாவின் இடது கட்டைவிரலுக்குக் கீழே சர்க்கரைப் புண், பல மாதமாக ஆறாதது. பெரியம்மா பையைத் திறந்தார். ஜெபமாலைக்கும் மெழுகுவர்த்திக்கும் அடியில் சலைன் பாட்டில், காஸ் துணி, பிளாஸ்டர், கையுறை. பழைய கட்டை நனைத்து நனைத்து, தோலோடு வராமல் உரித்தார். விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுத்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்த முறையாம். ஆயா நெளிந்தார். "கோயிலுக்கு வந்தவ என் காலைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கியே" என்று திட்டவும் செய்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழக்கிழமை, இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, எங்கள் பங்குக் கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வருவார்கள். சடங்கு தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சீழ் வாடை அடிக்கிற காலை அன்றுதான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

லூர்தில் 1858-ல் பதினெட்டு முறை மாதாவைக் கண்ட பெர்னதெத் பிறகு என்ன ஆனார் என்று நம்மில் பலர் கேட்பதில்லை. 1866-ல் பிரான்சிலேயே நெவேர் ஊரில் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவரே ஆஸ்துமாக்காரர். 1870-களில் வில்லியனூரில் இந்தக் கோயில் எழுந்தபோது அவர் உயிரோடு இருந்தார், 1879-ல்தான் இறந்தார். முதல் காட்சி நடந்த பிப்ரவரி 11-ஐ உலக நோயாளர் நாளாக இரண்டாம் ஜான் பால் 1992-ல் அறிவித்ததும் பொருத்தமாகவே இருக்கிறது.

பெரியம்மா ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையில் இருக்கிறார். 1833-ல் பாரிசில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கியது. பணம் கொடுத்து அனுப்புவதோடு முடியாது. இரண்டு இரண்டு பேராக ஏழைகளின் வீட்டுக்கே போக வேண்டும். கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. வெளிச்சமே வராத அளவுக்கு டியூப் லைட்டில் 'உபயம்' எழுதுகிற ஊரில் இப்படியும் ஒரு பை.

பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி அடித்தது. பெரியம்மா கையுறையோடு அப்படியே முட்டி போட்டார். ஆயாவும் கும்பிட்டார். மணி ஓய்ந்ததும் பெரியம்மா பிளாஸ்டரைக் கடித்துக் கிழித்து ஒட்டினார். பிரசங்கம் ஒரு வார்த்தைகூட காதில் விழவில்லை என்றார், வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நன்மை (நற்கருணை) வாங்கப் போகும் முன் கையை இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவினார். பிறகு உள்ளங்கையில் குளத்துத் தண்ணீர் கொஞ்சம் எடுத்து வந்து ஆயாவின் நெற்றியில் தடவினார். வேண்டுதல் தீர்ந்ததா என்று ஆயாவுக்குச் சந்தேகம்தான். மெழுகுவர்த்தி ஏற்றியதும் சமாதானமானார்.

திரும்பும்போது, "இம்மாந் தூரம் வந்துட்டு திருக்காமீஸ்வரரைப் பாக்காம எப்படி?" என்றார் ஆயா. வில்லியனூர் சிவன் கோயில்; பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் தேர் வடம் பிடித்த கோயில் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். கடைசி பஸ் கவலை எனக்கு. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. ஆயாவை உள்ளே கூட்டிப்போகச் சொல்லி என்னை அனுப்பிவிட்டு, வாசலில் செருப்புக்குக் காவல் நின்றார். விபூதியோடு வெளியே வந்த ஆயாவிடம் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "புதன்கிழமை சுகர் டெஸ்ட்டு. வெறும் வயித்துல வரணும்னு சொன்னேனே, போன தடவ மாதிரி காப்பி குடிச்சிட்டு வந்து நிப்பியா?"

"ஒரு வாய்தான்டி குடிச்சேன்" என்றார் ஆயா.