பாரம் போதாத கட்டடங்கள்

மண்சரிவுக்குப் பிறகு இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குள் தற்காலிக வகுப்பறைக்கும் மருந்தகத்துக்கும் கேபின்கள் கொண்டுபோய் வைக்கிறார்களே, அவற்றுக்கு அத்திவாரம் போடுவதுதான் என் வேலை. பெட்டியாக லொறியில் வந்து இறங்கும். தேவை முடிந்தால் தூக்கிக்கொண்டு போகலாம்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "இந்த மண் இதைத் தாங்குமா சேர்?" என்றுதான் கேட்பார்கள். தாராளமாகத் தாங்கும். இருபதடி கேபின் வெறுமையாக இரண்டு, இரண்டரைத் தொன்தான் இருக்கும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான கருங்கல் லயத்தைத் தாங்கும் மண்ணுக்கு அது ஒரு பாரமே இல்லை. பாரம் போதாது என்பதுதான் என் கவலை.

காற்று வினாடிக்கு 40 மீற்றர் வேகத்தில் அடித்தால் சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ அழுத்தம். நீளப்பக்கச் சுவர் 15 சதுர மீற்றர். ஆக, ஒன்றரைத் தொன் பக்கவாட்டில் தள்ளுகிறது. போதாக்குறைக்குக் கூரையையும் மேலே இழுக்கிறது. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட பிறகுதான், கட்டட வடிவமைப்புக்காக நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தார்கள். கடுமையான வலயம் கிழக்குக் கரையோரம் என்பதால் மலைநாட்டில் காற்றை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் சரிவில் ஏறும் காற்று முகட்டில் நெருக்குப்பட்டு வேகம் கூடும். வேறொரு ஒப்பந்தக்காரர் சீமெந்துக் கல்லை அடுக்கி, எதனோடும் பிணைக்காமல் மேலே வைத்துவிட்டுப் போன கேபின் ஒன்று, ஆடிக் காற்றில் ஒரு மூலை கல்லை விட்டு இறங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். நல்லகாலம், அன்று ஞாயிற்றுக்கிழமை.

ஒரு கன மீற்றர் கொங்கிறீட் 2.4 தொன். நான்கு மூலைக்கும் அரை கன மீற்றர் வீதம் போட்டுப் பிணைத்தால் கேபின் அசையாது. ஆனால் மிக்சர் லொறி கடைசி வளைவில் திரும்பாது. மணலும் சல்லியும் பாதி வழி ட்ராக்டரில், மீதி தலைச்சுமையில். அதனால் எனக்குத் திருகி இறக்கும் இரும்புத் தூண்கள்மேல் ஒரு ஆசை. நுனியில் சுருள் தட்டு இருக்கும். மேல்நோக்கிய இழுப்பையும் தாங்கும், போகும்போது எதிர்ப்பக்கம் திருகிக் கழற்றிக்கொள்ளலாம். திருகுவதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டது என்பதை வைத்தே பிடிமானத்தையும் கணித்துவிடலாம்.

மலை மண் அப்படி லேசில் விடாது. பழைய சரிவுகளில் உருண்டு வந்த கருங்கற்கள் உள்ளே புதைந்து கிடக்கும். தூண் ஒரு மீற்றரில் முட்டி நின்றதும் விசை காட்டும் முள் ஒரேயடியாக ஏறும். புதிதாக வந்த பொடியன்கள் பாறை கிடைத்துவிட்டதென்று சந்தோஷப்படுவார்கள். பாறையாவது! மண்ணோடு மண்ணாக நகரக்கூடிய தனிக்கல் அது. சுருள் தட்டு மேல் மண்ணில்தான் நிற்கிறது, இழுத்தால் வந்துவிடும். அலவாங்கால் சுற்றிவரக் குத்திக் கல்லின் விளிம்பைத் தேடுவோம். கிடைத்தால் தூணைத் தள்ளி இறக்குவோம். இல்லையென்றால் அந்த மூலைக்கு மட்டும் கொங்கிறீட். பார்க்க அழகில்லைதான், பரவாயில்லை.

சரிவே கிளம்பி வந்தால் எதுவும் நிற்காது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியது. அதனால்தான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் நான் நூல்கூடப் பிடிப்பதில்லை. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இரு, 150ஐத் தாண்டினால் வெளியேறு என்ற அவர்களுடைய கணக்கைக் கேபின் கதவின் உள்பக்கமே ஒட்டிவிடுகிறோம். ஆனால் காகிதத்தில் வராத விஷயங்களும் உண்டு. பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தண்ணீர் வடியும் கான் வெட்டியே வயதான ஒருவர் நாங்கள் முளை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சேர், ஐப்பசியில இதுல ஊத்துக் கிளம்பும். மேல உள்ள கான் தூந்துபோய்க் கெடக்கு" என்றார். "எந்தப் பக்கம் ஐயா காயும்?" என்று கேட்டேன். காட்டினார். நிரப்பு மண் இல்லாத, சரிவை வெட்டிச் சமப்படுத்திய பக்கமாகவும் அது இருந்தது. முளையைப் பிடுங்கி அங்கே அடித்தோம். அப்புறம் தூணைத் தொடுவதற்கு முன்னால் கானைத் துப்புரவாக்கினோம்.

கேபினையும் தூணையும் பிணைக்கிற போல்ட்டுகள் ஆட்டத்தில் மெல்லத் தளரும். ஆடிக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும் இறுக்கச் சொல்லி, பள்ளிக்கூட அதிபரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு ஸ்பானர் கொடுப்போம். அடுத்த முறை போய்க் கேட்டால் அது யார் வீட்டிலோ தண்ணீர்க் குழாய் திருத்தப் போயிருக்கும். இப்போதெல்லாம் மதிப்பீட்டிலேயே இரண்டு ஸ்பானர் சேர்த்துவிடுகிறேன்.