இஸ்ரேலில் குடியேறுபவரும் ஜெபத்தில் மனம் ஒன்றுவதும்

நியூயார்க்கிலிருந்தோ பாரிஸிலிருந்தோ இஸ்ரேலுக்குக் குடிவரும் யூதருக்கு வீடு, வேலை, மொழி எல்லாம் புதிது. ஜெபமாவது பழையது என்று தோன்றும். புத்தகத்தில் அதே எபிரேயம், நாளுக்கு அதே மூன்று வேளை. ஆனால் வாய் பழக்கத்தில் ஓடுவது. இந்த நாட்டிலோ அந்தப் பழக்கமே சில இடங்களில் பிசகிவிடும். 'கவ்வனா' என்று அவர்கள் சொல்லும் மன ஒருமை முதலில் உடைவது அங்கேதான்.

மழை வேண்டுதலைப் பாருங்கள். நின்றபடி மெல்லச் சொல்லும் முக்கிய ஜெபமான அமிதாவில் வார நாட்களில் 19 பகுதிகள். குளிர்காலத்தில் ஒன்பதாவது பகுதியில் மழை கேட்க வேண்டும். வெளிநாட்டில் அது டிசம்பர் 4 மாலை, சில ஆண்டுகளில் 5 மாலை தொடங்கும். இஸ்ரேலில் யூத நாட்காட்டியின் ஹெஷ்வான் மாதம் 7 பிறக்கும் மாலையே தொடங்கிவிடும். கூடாரப் பண்டிகை முடிந்து 15 நாள் என்பது அந்தக் கணக்கு: எருசலேம் வந்த யாத்திரிகர்களில் கடைசி ஆளும் யூப்ரடீஸ் நதியை எட்டும்வரை மழைக்காகக் கேட்காமல் பொறுத்தார்கள். வழிப்போக்கனுக்காகத் தள்ளிவைத்த வேண்டுதல் என்று தெரிந்து சொன்னால் அந்த வரி வெறும் உச்சரிப்பாக நிற்காது. மறந்துவிட்டால் 16-ஆவது பகுதியை முடிக்கும் முன் சேர்த்துக்கொள்ளலாம். அதையும் தாண்டினால் ஒன்பதாவதற்குத் திரும்ப வேண்டும். ஜெபத்தை முடித்து மூன்று அடி பின்வாங்கிவிட்டால் அமிதா முழுவதையும் மறுபடி சொல்ல வேண்டும்.

அஷ்கெனாசி என்னும் மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத மரபின் ஆசாரிய வம்சத்தாருக்கு இன்னொரு மாற்றம். வெளிநாட்டில் அவர்கள் எழுந்து சபையை ஆசீர்வதிப்பது பண்டிகை நாட்களில்தான். எருசலேமில் தினமும் காலையில். காலணியைக் கழற்ற வேண்டும், லேவியர் வந்து கையில் தண்ணீர் ஊற்றுவார்கள், பிறகு 3, 5, 7 சொற்களாக மூன்று வசனங்கள். கலிலேயாவில் பல அஷ்கெனாசி சபைகளில் இது தினசரி கிடையாது. குடியேறிய ஊரில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. திசையும் மாறும். ஹைஃபாவில் தெற்கு நோக்கியும் அஷ்டோதில் கிழக்கு நோக்கியும் நிற்க வேண்டும். எங்கிருந்தாலும் முகம் எருசலேமை நோக்கித்தான்.

வேகம்தான் பெரிய இடைஞ்சல். வேலைக்குப் போகிறவர்கள் கூடும் காலைச் சபையில் புதியவர் பாதிப் பக்கத்தில் இருக்கும்போதே ஜெபத்தை நடத்தும் தலைவர் அமிதாவை உரக்க மறுபடி வாசிக்கத் தொடங்கிவிடுவார். துரத்திப் பிடிக்கப் பார்க்கக் கூடாது. அதில் சபை சேர்ந்து சொல்லும் 'கெதுஷா' என்ற துதி வந்தால் நின்ற இடத்திலேயே வாய் திறக்காமல் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

பத்தொன்பதிலும் மனம் நிற்க வேண்டும் என்று முதல் மாதத்திலேயே முயன்றால் ஒன்றிலும் நிற்காது. ஷுல்ஹான் ஆருக் என்ற யூதச் சட்டநூல் கட்டாயமாகக் கேட்பது முதல் பகுதிக்காவது கவ்வனா. அதை எழுதிய யோசேப் காரோவும் ஸ்பெயினில் பிறந்து ஒட்டோமான் நாடுகள் வழியாகக் கலிலேயாவின் சஃபேத் நகருக்கு வந்து குடியேறியவர். அந்த முதல் பகுதி ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபின் தேவனை அழைக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் வணக்கம் உண்டு: 'பாருக்' (ஸ்தோத்திரம்) என்னும்போது முழங்கால் மடியும், 'அத்தா' (நீர்) என்னும்போது இடுப்பு வளையும், கடவுளின் பெயர் வரும்போது நிமிர்ந்துவிட வேண்டும். இந்த மூன்று அசைவையும் அவசரமில்லாமல் செய்தாலே நாக்கின் ஓட்டம் தானாகக் குறையும்.

கையில் எதுவும் இருக்கக் கூடாது. நிறைந்த கிண்ணம், கத்தி, பணம், ரொட்டி என்று அதே நூல் பட்டியல் போடுகிறது. கீழே விழுமோ என்ற கவலையிலேயே மனம் போய்விடுமாம். குடியேற்ற அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் ஆவணங்களையும் கைபேசியையும் பையில் போட்டு மூடி ஓரமாக வைத்த பிறகே அமிதாவைத் தொடங்க முன்னே மூன்று அடி எடுத்து வைக்க வேண்டும்.

எபிரேயம் இன்னும் பிடிபடவில்லையா? புரிகிற மொழியிலேயே அமிதா சொல்லலாம். சபையோடு சேர்ந்து சொல்லும்போது அதற்குத் தாராளமான அனுமதி உண்டு. நடைமுறையில் பலரும் செய்வது, முந்தைய இரவே முதல் பகுதியை ரஷ்ய மொழியிலோ பிரெஞ்சிலோ ஒருமுறை வாசித்துவிட்டு, காலையில் அதை எபிரேயத்தில் சொல்வது.